கருப்பின் கோர்ட்டில் 313 கிடையாது

‘விடாது கருப்பு’ தொடரில் தோட்டக்காரமங்கலத்து ஆட்களுக்கு மர்மம் என்று ஒன்றும் கிடையாது. ஒருத்தன் தப்புப் பண்ணினான், ராத்திரி குதிரைக் குளம்படி கேட்டது, விடிந்தால் பிணம் கிடந்தது. கருப்பு தண்டித்துவிட்டது, வழக்கு முடிந்தது. மர்மமெல்லாம் வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்கிறவர்களுக்கும், வீட்டில் பாயை விரித்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நமக்கும்தான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சன் டி.வி.யில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. மதுரைக்காரர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. ‘மர்மதேசம்’ என்ற பொதுப்பெயரில் வந்த கதைகளில் இதுதான் ஜனங்கள் மனதில் ஆழமாக இறங்கியது. எங்கள் தோவாளை பூச்சந்தை ஊர். விடியுமுன்னே பிச்சியும் அரளியும் சம்பங்கியும் மூட்டையாக வந்து இறங்கிவிடும் என்பதால் சந்தைக்காரர்கள் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார்கள். அவர்களே அந்த ஒரு ராத்திரி மட்டும் கண்ணைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்று மதுரையில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் தொடரை யூடியூபில் மறுபடி முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்தில் என் பேத்தி. சட்டக் கல்லூரியில் படிக்கிறவள். எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்துத்தான் பார்ப்பாள். சேத்தனைப் பார்த்ததும், “தாத்தா, இவரு ‘விடுதலை’ படத்துல வார போலீஸ் அதிகாரில்லா” என்றாள். அந்த முகத்தைக் கதாநாயகனாகப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. படம் சதுரமாக, மங்கலாக இருக்கிறது. ஒரு ஆள் படியிறங்கி வருவதற்குள் நாம் காப்பி குடித்துவிடலாம். ஆனால் அந்தக் குளம்படிச் சத்தம் வந்ததும் அவளே வேகத்தைக் குறைத்துவிட்டாள்.

அன்றைக்கு எல்லாரும் கேட்ட கேள்வி, சாமியா, ஆளா? இந்திரா சௌந்தர்ராஜன் கதைகளின் பிழைப்பே அந்தக் கேள்விதான். ஒரு கால் விஞ்ஞானத்தில், இன்னொரு கால் நம்பிக்கையில். இந்தத் தொடரில் விடை ஆள் பக்கம் சாய்கிறது. யார் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். சின்ன வயசில் மனசில் விழுந்த காயமும், காது நிறையக் கேட்ட கருப்பு கதைகளும் சேர்ந்து ஒருவனுக்குள் இன்னொருவனாக வளர்ந்து நிற்கின்றன. அந்த இன்னொருவன் கருப்பாகக் குதிரையேறுகிறான். பகலில் இருக்கிறவனுக்கு ராத்திரி நடந்தது தெரியாது. இது தெரிந்தே மறுபடி பார்க்கிறவனுக்கு யார் கொன்றது என்ற கவலை இல்லை. கண் வேறு எங்கோ போகிறது. என் கண் போன இடம் நான் வேலை பார்த்த இடம்.

நான் நாகர்கோவில் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கொலை வழக்கில் வருகிற அரிவாளுக்கு எம்.ஓ. 1 என்று அட்டை கட்டி, ரத்தக்கறை வேட்டிக்கு எம்.ஓ. 2 என்று அட்டை கட்டி, சாட்சிகளை பி.டபிள்யூ. 1, 2 என்று வரிசை போட்டு, யார் பிறழ்சாட்சி ஆனார் என்று குறித்து வைத்து வாழ்க்கை ஓடியது. அத்தனை சடங்குகளில் என் மனசுக்கு மேலானதாகப் பட்டது ஒன்றுதான். அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதியே நேரே கேட்பார். உனக்கு விரோதமாக இன்னார் இப்படிச் சொல்லியிருக்கிறார், இந்தப் பொருள் உன் வீட்டில் எடுத்ததாகச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 313-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதுச் சட்டத்தில் 351. எண் மாறினாலும் கோர்ட்டுக்காரர்கள் வாயில் இன்னும் அது 313 தான்.

இதில் சத்தியம் வாங்குவதில்லை. பதில் சொல்லாமல் நின்றால் அதற்காகத் தண்டனை இல்லை, பொய் சொன்னாலும் இல்லை. பெரும்பாலானவர்கள் “பொய்ங்க”, “தெரியாதுங்க” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கேலி மாதிரித் தெரியும். ஆனால் ஒருவனுக்கு எதிரான ஒரு முக்கியமான சங்கதியை 313-இல் அவன் முன்னால் வைத்து விளக்கம் கேட்காமல் விட்டால் அந்தச் சங்கதியை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் 1984-இல் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்திச் சொன்னது. கீழ்க் கோர்ட்டில் ஒரு கேள்வியை விட்டதால் மேல் கோர்ட்டில் அடிவாங்கும் வழக்குகள் உண்டு. ஒரு மனிதனைக் கேட்காமல் அவனைப் பற்றி முடிவு கட்டாதே என்பதற்குச் சட்டம் கொடுத்திருக்கிற விலை அது.

கருப்பு யாரையாவது கேட்டதா?

சாமிக்கு எதற்கு விசாரணை, அதற்குத்தான் எல்லாம் தெரியுமே என்று பதில் வரும். நம் பக்கத்துச் சாமிகள் அப்படி இருந்ததில்லை. தோவாளையிலிருந்து கொஞ்ச தூரம்தான் சுசீந்திரம். அந்தத் தாணுமாலயன் கோவிலில் கைமுக்கு என்று ஒரு சோதனை நடந்து வந்தது. பிறன்மனை சேர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கொதிக்கிற நெய்க்குள் கையை விட்டு அடியில் கிடக்கிற உருவத்தை எடுக்க வேண்டும். கையைக் கட்டி வைத்து, பிறகு அவிழ்த்துப் பார்ப்பார்கள். புண் இல்லை என்றால் சுத்தன். சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அதை நிறுத்தினார்கள், நல்ல வேளை. குரூரமான சோதனைதான். ஆனாலும் ஆளைக் கூட்டி வந்து, இன்ன குற்றம் என்று சொல்லி, அவன் கையாலேயே பதில் வாங்கினார்கள். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில் சத்தியம் பண்ணுகிறவனும் தன் மேல் என்ன பழி என்று தெரிந்துதான் அங்கே நிற்கிறான். விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோவிலில் பிராது கட்டுகிறார்கள். கோர்ட்டு மனு மாதிரியே எழுதி, ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்த்துப் படிப்பணம் கட்டி, முனியப்பர் முன்னால் சூலத்தில் கட்டுவார்கள். காரியம் முடிந்ததும் பிராதை வாபஸ் வாங்கவும் வேண்டும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஃபைலிங் செக்‌ஷன் ஞாபகம்தான் வந்தது.

வெள்ளைக்காரன் சட்டமும் இந்தச் சாமிகளைக் கொஞ்ச காலம் கோர்ட்டுக்குள்ளேயே விட்டிருந்தது. 1873-ஆம் வருஷச் சத்தியப்பிரமாணச் சட்டப்படி, ‘எதிராளி இன்ன கோவிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினால் நான் ஒத்துக்கொள்கிறேன்’ என்று சிவில் வழக்கில் ஒருவர் சொல்லலாம். எதிராளி பண்ணிவிட்டால், சொன்னவரைப் பொறுத்தவரை அதுவே முடிந்த முடிவு, அதற்கு மேல் வாதம் இல்லை. 1969-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தபோது அந்தப் பிரிவுகளை விட்டுவிட்டார்கள். எங்கள் சாமிகளின் கோர்ட்டில் மனு உண்டு, கட்டணம் உண்டு, எதிர்வாதி உண்டு, நிற்கிற இடம் உண்டு. டி.வி. கருப்பிடம் இருப்பது குதிரையும் அரிவாளும்.

சரி, சாமி இல்லை, ஆள்தான் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பகுதிகளைப் பார்த்துவிட்டு பேத்தி கேட்டாள்: “அவன்தான் செஞ்சான்னு அவனுக்கே தெரியாதுல்லா தாத்தா. பொறவு அவன என்ன கேக்க?”

நல்ல கேள்வி. சட்டம் தெரிந்தவளாகவே கேட்டாள். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 84-ஆம் பிரிவு, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 22: காரியம் நடந்த நேரத்தில் சித்தக் கோளாறால் தான் செய்வது என்ன என்றோ, அது தப்பு என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தவன் செய்தது குற்றம் ஆகாது. அப்படி ஒருவனை விடுவிக்கும்போது தீர்ப்பில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும், அந்தச் செயலை அவன் செய்தானா இல்லையா என்று. ‘செய்தான், ஆனால் குற்றவாளி அல்ல’ என்று எழுத வேண்டும். பிறகு அவனைப் பத்திரமான காவலிலோ, பொறுப்பேற்கிற உறவினரிடமோ ஒப்படைக்க வேண்டும். முதன்முதலில் இந்தப் பிரிவைப் படிக்கிற யாருக்கும் தலை சுற்றும். எனக்கு அது சட்டப் புத்தகத்திலேயே நேர்மையான வரியாகப் படுகிறது. செயலையும் செய்தவனையும் அது ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்லை.

ஆனால் இந்தத் தொடரின் ஆள் இந்தப் பிரிவுக்குள் சுலபமாக அடங்கமாட்டான். ராத்திரிக்காரனுக்குத் தான் கொல்லுகிறோம் என்று நன்றாகவே தெரியும். எதற்காகக் கொல்லுகிறோம் என்றும் தெரியும். அவன் பார்வையில் அது நியாயம். தெரியாதவன் பகல்காரன். இரண்டு பேருக்கும் உடம்பு ஒன்று. இங்கிலீஷ்காரத் தத்துவவாதி ஜான் லாக், 1694-இல் வந்த தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், கிட்டத்தட்ட இதே ஆளைக் கற்பனை பண்ணியிருக்கிறார். ஒரே உடம்பில் பகலுக்கு ஒரு நினைவும் ராத்திரிக்கு ஒரு நினைவும் மாறி மாறி வந்தால் அது ஒரு ஆளா, இரண்டு ஆளா? இரண்டு பேர் என்பதுதான் அவர் பதில். நினைவு எதுவரை போகிறதோ அதுவரைதான் பொறுப்பு. குடித்துவிட்டுச் செய்தவனை மனுஷன் கோர்ட்டு தண்டிப்பது அவனுக்கு ஞாபகம் இல்லை என்று நிரூபிக்க முடியாததால்தான், ஆனால் கடவுளின் கடைசித் தீர்ப்பு நாளில் தனக்குத் தெரியாத ஒன்றுக்காக எவனும் பதில் சொல்ல வேண்டியிராது என்கிறார். கடவுளின் கோர்ட்டு மனுஷன் கோர்ட்டைவிடக் கருணையானது என்று அவருக்கு நம்பிக்கை. கிறிஸ்தவர். மறுபிறவிக் கணக்கு அவருக்குக் கிடையாது. நமக்கு உண்டு. அங்கேதான் நமக்குச் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கான கதை எங்கள் சாலையிலேயே இருக்கிறது. தோவாளையைத் தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் போனால் ஆரல்வாய்மொழி, அதையும் தாண்டினால் காற்றாலைகளுக்கு நடுவே முப்பந்தல் இசக்கியம்மன். லாரிக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிக் காசு போட்டுவிட்டுப் போகிற கோவில். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்கள் பொம்மையும் தொட்டிலும் வைத்துவிட்டுப் போவார்கள். இந்த இசக்கிதான் நீலி. கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் ராத்திரி முழுக்கப் பாடுகிற நீலி கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வில்லிசையில் பேர் எடுத்த சுந்தரம் பிள்ளை தோவாளைக்காரர். மலையாளப் பக்கம் போனால் இதே நீலி கள்ளியங்காட்டு நீலி. அங்கே அவளைக் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அடக்கியதாகச் சொல்வார்கள். 2025-இல் ‘லோகா’ படத்தில் அவளைச் சாகசக் கதாநாயகியாக்கி அங்கே கொடி கட்டிப் பறக்கவிட்டார்கள். பேத்தி அதைத் தியேட்டரிலேயே பார்த்தவள். எனக்கு வில்லுப்பாட்டு நீலியே போதும்.

பாட்டு ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். நடு எலும்பு இதுதான். ஒரு பார்ப்பனன், தாசி குலத்துப் பெண் ஒருத்தியிடம் எல்லாவற்றையும் இழந்து விரட்டப்படுகிறான். அவள் மட்டும் அவன்மேல் உள்ள பிரியத்தில் நகைகளோடு பின்னாலேயே வருகிறாள். காட்டில் அவள் அயர்ந்து தூங்கும்போது நகைக்காகத் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். சாகும்போது அவள் பக்கத்தில் நின்ற கள்ளியைச் சாட்சி வைக்கிறாள். தேடி வந்த அண்ணனும் அங்கேயே சாகிறான். பார்ப்பனனும் தப்பவில்லை, பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அவள் நீலி. அவன் ஆனந்தன் என்ற செட்டி, ஊர் ஊராகப் போகிற வியாபாரி. பேயால் உனக்குச் சாவு என்று சொல்லிக் கொடுத்த மந்திரக் கத்தி ஒன்று எப்போதும் அவன் கையில் இருக்கும். நீலி ஒரு கள்ளிக் கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்’ என்று ஊர்க்கூட்டத்தில் வந்து நிற்கிறாள்.

கூடியிருந்தவர்கள் எழுபது வேளாளர்கள். செட்டி அலறுகிறான்: இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய். பிள்ளையை இறக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். கள்ளிப் பிள்ளை அப்பா என்று அவன் மடியில் போய் ஏறுகிறது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இரண்டு பேரையும் ஒரு வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். ‘அந்தக் கத்தியால் என்னைக் கொன்றுவிடுவார், வாங்கி வையுங்கள்’ என்கிறாள் நீலி. வாங்கி வைத்துவிடுகிறார்கள். செட்டி கடைசியாகக் கெஞ்சும்போது, ‘உன் உயிருக்கு ஏதாவது ஆனால் நாங்கள் எழுபது பேரும் உயிரைத் தருகிறோம்’ என்று வாக்குக் கொடுக்கிறார்கள். விடிந்து கதவைத் திறந்தால் செட்டி கிழிந்து கிடக்கிறான். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். வடக்கே திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூரில் அவர்கள் தீப்பாய்ந்த இடம் என்று இன்றும் காட்டுகிறார்கள். சம்பந்தர் காலத்திலேயே பாட்டில் ஏறிவிட்ட பழைய கதை.

ஒரு பெஞ்ச் கிளார்க்காக இந்த வழக்கைப் பார்க்கிறேன். புகாரில் சொன்ன உறவு பொய். சாட்சி பொய், அது ஒரு கள்ளிக் கொப்பு. பாதுகாப்புக்கு இருந்த ஆயுதத்தைக் கூட்டமே பறித்துக்கொண்டது. முழுக்க முழுக்கத் தப்பான தீர்ப்பு. ஆனால் செத்தவன் போன பிறவியில் நிஜமாகவே அவளைக் கொன்றவன்! கொலை உண்மை, கொலைக்குக் கண்கண்ட சாட்சியும் அதே கள்ளிதான். தப்பான வழக்கில் சரியான ஆள் தண்டனை பெற்றான் என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாமா? ஆனந்தன் செட்டிக்கு அந்தக் கல் ஞாபகம் இல்லை, அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் இல்லை. நீலியும் அவனிடம் சொல்லவில்லை. எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலே செத்தான். லாக் எழுதிய பகல்காரன் அவன்தான், ‘விடாது கருப்பு’ ஆளின் பகல் பாதியும் அவன்தான். போன பிறவி என்பது நமக்கெல்லாம் ஒரு ராத்திரி.

எங்கள் ஊரில் சித்தாந்த வகுப்பு எடுக்கிற அண்ணாச்சி ஒருத்தர் இருக்கிறார். அவரிடம் இதைக் கொண்டுபோனேன். சைவ சித்தாந்தப்படி வினை சடம், தானாக வந்து யாரையும் பிடிக்காது. செய்த வினையின் பயனைக் கொண்டுவந்து கூட்டுகிறவன் சிவன். அவனுக்கு எந்தப் பிறவியும் மறக்காது. தண்டனை என்று நாம் நினைப்பது அவன் கொடுக்கிற மருந்து, உயிரில் ஒட்டிய மலம் கழிவதற்காக. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கேட்டார்: “மருந்து குடிக்கப் பிள்ளைகிட்ட சம்மதம் கேட்டா கொடுக்கோம், வே?”

மடக்கிவிட்டதாக நினைத்தார். மருந்து விஷயத்தில் அவர் சொல்வது சரி. காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மாத்திரை வேலை செய்யும். தண்டனை அப்படி வேலை செய்யாது. எதற்கு என்று தெரியாமல் வாங்குகிற அடியிலிருந்து ஒருவன் என்னத்தைக் கற்றுக்கொள்வான்? பயத்தைத்தான். தோட்டக்காரமங்கலத்தில் நடப்பது அதுதான். ஒவ்வொரு பிணம் விழும்போதும் அந்த ஊர் பயப்படுகிறதே தவிரத் திருந்துவதாகத் தெரியவில்லை. இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். “அப்போ சிவன் 313 போட்டுக் கேக்கணும்ங்கீரு” என்றார். ஆமாம் என்றேன். கேட்கிறானா இல்லையா என்பது எனக்கும் அவருக்கும் இன்னும் முடியாத வழக்கு. ‘கேட்கத் தேவையில்லை’ என்று மனுஷர்கள் அவன் சார்பில் சொல்லிக்கொண்டு அரிவாள் எடுப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தொடரின் ராத்திரிக்காரன் அந்த மாதிரி ஒரு மனுஷன். ஊரும் அவனுக்கு ஒத்தாசை. போலீசுக்குச் சொல்ல வேண்டிய சாவுகளை அது சாமி கணக்கில் எழுதி வைத்துவிடுகிறது. நம் ஊர்களில் கூட்டம் சேர்ந்து ஒருத்தனைக் கம்பத்தில் கட்டி அடித்துக் கொன்றுவிட்டு, யார் அடித்தது என்று கேட்டால் ஒருத்தரும் வாய் திறக்காத வழக்குகள் வருகின்றனவே, அதுவும் இந்த வகைதான்.

நீலி கதையைப் பாடி வைத்தவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. அதனால்தான் அவர்கள் செட்டியோடு கதையை முடிக்கவில்லை. நீதியின் கணக்கு மட்டும்தான் பெரிசு என்றால் கொன்றவன் கொல்லப்பட்டதும் மங்களம் பாடியிருக்கலாம். பாட்டு எழுபது பேரிடம் திரும்புகிறது. பதில் சொல்லத் தெரியாத ஒருவனைத் தண்டனைக்கு அனுப்பினால், அனுப்பியவர்கள் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்லும்போதே அதற்கு ஈடு எதை வைக்கிறோம் என்றும் சொன்னார்கள், சொன்னதை வைத்தார்கள். இன்றைய கோர்ட்டில் எழுபது பேரைத் தீயில் இறக்க முடியாது. இறக்கவும் வேண்டாம். நாம் வைத்திருக்கிற ஈடு அப்பீல், சந்தேகத்தின் பலன், அப்புறம் அந்த 313. மதுரையை எரித்த கதையிலும் பாண்டியன் சிங்காசனத்திலேயே உயிரை விடுகிறானே என்பீர்கள். அவன் தப்புத் தெரிந்த பிறகு செத்தான். இந்த எழுபது பேர் தப்பாகப் போனால் சாவோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தவர்கள். அந்த வித்தியாசம் பெரிது.

இந்த நீலிக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. கொடைக்கு வருகிறவர்கள் அதிகம் அறியாதது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான ‘நீலகேசி’யில் அதே பழையனூர் நீலி வருகிறாள். அங்கே அவள் ஒரு சமண முனிவரைப் பயமுறுத்தப் போய், அவர் அசையாததைக் கண்டு, அவரிடமே உபதேசம் கேட்டுக் கொலையை விட்டுவிடுகிறாள். அதன்பிறகு ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதுக்கு அழைக்கிறாள். வாது என்றால் கேள்வி கேட்க வேண்டும், எதிராளி பதிலை முழுக்கக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்கலாம். பழி வாங்குகிற பேய் தத்துவம் பேசுகிறவளாக மாறியதை அந்தச் சமணப் புலவர் தன் மதத்தின் பெருமைக்காக எழுதியிருப்பார். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அவள் கொல்வதை விட்டது கேட்கத் தொடங்கியதால்தான். ராத்திரிக்காரனுக்கு அப்படி ஒரு முனிவர் கிடைக்கவில்லை. தொடரில் அந்த இடத்துக்கு மனநல மருத்துவம் வருகிறது, கொஞ்சம் தாமதமாக. தொண்ணூறுகளில் வீட்டுக் கூடத்தில், சாமி வந்தது என்று நினைத்த ஒன்றுக்குள் ஒரு குழந்தையின் காயம் இருக்கலாம் என்று தமிழில் சொன்னார்கள் பாருங்கள், அதற்காகவே நாகாவுக்கும் இந்திரா சௌந்தர்ராஜனுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

குற்றவாளியை என்ன செய்வது என்பதில் எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கழுவில் ஏற்றிக் கொன்றவர்களைக் கழுமாடன் என்று வைத்துக் கும்பிடுகிறோம். அநியாயமாக வெட்டுப்பட்டவன், கல்லெறிபட்டவள், தண்டனை பெற்றவன் எல்லாரும் இங்கே பீடம் ஏறிவிடுவார்கள். வில்லுப்பாட்டைப் பற்றி இந்த ஜில்லாவில் தங்கி ஆராய்ச்சி பண்ணிய அமெரிக்கர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கவனித்த விஷயம், தெய்வமாகவே பிறந்த சாமிகளைவிட இப்படிச் செத்துச் சாமி ஆனவர்களின் கதையில், அந்தச் சாவைப் பாடுகிற இடத்தில்தான் அருள் மிகக் கடுமையாக இறங்குகிறது என்பது. நாகர்கோவில் அ.கா.பெருமாள் சார் புத்தகங்களைப் படித்தால் இப்படிச் செத்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கொடையில் செய்வது என்ன? செத்தவன் தரப்பை, ராஜா கேட்காமல் விட்டதை, ஊர் முழுக்க உட்கார்ந்து ராத்திரி பூராக் கேட்கிறது. பிறகு சாமியாடி வாய்வழியாக அவனே பேசுகிறான். காலம் கடந்து போட்ட 313 என்று நான் சொல்வேன். கழு ஏற்றிய திருவிதாங்கூர்தான் 1944-இல் மரண தண்டனையே வேண்டாம் என்று எடுத்தது. பிறகு இந்தியச் சட்டத்தோடு அது திரும்பி வந்துவிட்டது.

பேத்தி தொடரை முடித்த கையோடு ஒரு நோட்டில் தீர்ப்பு எழுத உட்கார்ந்தாள், கல்லூரிப் பயிற்சி மாதிரி. 84 பொருந்துமா பொருந்தாதா என்பதிலேயே இரண்டு பக்கம் போய்விட்டது. என்னிடம் கேட்டாள். பெஞ்ச் கிளார்க் தீர்ப்பு எழுதக் கூடாது, ஆனால் ஓய்வு பெற்றவன் எழுதலாம். செயலைச் செய்தது அந்த உடம்புதான் என்று நிரூபணமாகிறது. பகல்காரன் குற்றவாளி அல்ல, சிகிச்சைக்கு அனுப்பப்பட வேண்டியவன். ராத்திரிக்காரனை அழைத்துக் கேட்க வழி இல்லாததால் அவனைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பிணங்களைச் சாமி கணக்கில் எழுதிய தோட்டக்காரமங்கலத்துப் பெரியவர்கள் விசாரிக்கப்பட வேண்டியவர்கள். கருப்பசாமியைப் பொறுத்தவரை, அவர் பேரைச் சொல்லித்தான் எல்லாம் நடந்திருக்கிறது, அவரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆகவே அவர் மேல் உள்ள வழக்கு நிலுவையில் இருக்கிறது.